ஐம்பத்திரண்டாவது நிமிடம்

இன்று மதியம் உன் லேப்டாப்பைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் கொசுவத்தி வாசனை வந்தது. கும்மிடிப்பூண்டி அறையில் மூன்று வருடம் நாம் கொளுத்திய கொசுவத்தி எல்லாம் அந்த விசைகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உன் சட்டைகளில்கூட உன் வாசனை இல்லை, இது மட்டும் போகவில்லை. பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். போட்டுத்தான் இருந்தது.

நீ இருந்திருந்தால் "எத்தினி வாட்டிடா பாப்ப? அது இன்னா எழுந்து ஓடிப் பூடுமா?" என்று கேட்டிருப்பாய்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஆரம்பாக்கத்துக்குப் போகவேண்டும், உன் அப்பாவை, உன் நைனாவைப் பார்க்க. போன ஞாயிறு அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் நாளைக்கு என்னால் ரயில் ஏற முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

திருவள்ளூர் பக்கம் நாம் படித்த காலேஜை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்தே வரும். பஸ்ஸில் பெண்கள் முன்னால், பையன்கள் பின்னால். ஒரு பெண்ணிடம் ரெக்கார்டு நோட்டு வாங்கினால்கூட வீட்டுக்குப் போன் போகும். அத்தனை காவலும் அந்தப் பக்கமே இருந்ததால் கடைசி சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்த நம் இருவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வார்டன் ஒரு நாள் மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் நம்மைக் காட்டி, "இவனுங்களப் பாருங்கடா, ஒரு பொண்ணு பின்னாடி போறானுங்களா?" என்றார். நீ சாம்பார் வாளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முதல் படத்தை அந்தக் கடைசி சீட்டில்தான் பார்த்தோம். ஆளுக்கு ஒரு காதில் ஹெட்செட். எங்கோ தூரத்து நாட்டுப் படம். இரண்டு பையன்கள், ஒரு காலேஜ், ஒரு நூலகம், ஒரு மழை. அதற்குப் பிறகு பார்த்த படங்களிலும் ஏறக்குறைய இதே சாமான்கள்தான். ஒருவன் நன்றாகப் படிப்பான், மற்றவன் கித்தார் வாசிப்பான். கடைசியில் ஒருவன் வீட்டில் உண்மையைச் சொல்லுவான், அதோடு படம் முடிந்துவிடும். எனக்கு நூலகக் காட்சிகள் பிடிக்கும். உனக்கு வீட்டில் சொல்லும் காட்சி. அது வரும்போது நான் ஹெட்செட்டைக் கழற்றிவிடுவேன், பேய்ப்படம் பார்ப்பவன் கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி. நீ என் பங்கையும் சேர்த்து இரண்டு காதிலும் மாட்டிக்கொள்வாய்.

இவற்றுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதலாம் என்று சொன்னது நீதான். இருவருக்கும் கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்து, அறை எடுத்துத் தங்கிய முதல் வருடம் அது. "இங்கிலீஸ் தெரியாதவனும் நம்மள மாரி எங்கனா கீறான்ல, அவனுக்கு யாரு எழுதுவா?" என்று கேட்டாய். கம்பெனியில் நான் குவாலிட்டி பார்ப்பவன், அறையிலும் எனக்கு அதே வேலை. நீ எழுதுவாய். உதடு அசையும் நேரத்துக்குச் சரியாக எழுத்து வருகிறதா என்று நான் பார்ப்பேன். எழுத்துத் தமிழில் எழுத வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். "நான் உன்னை நேசிக்கிறேன்னு எவன்டா பேசுவான்? வார்டன்கூடப் பேசமாட்டான்" என்று சொல்லிவிட்டு, "உன்ன வுட்டா எனுக்கு யார்ரா கீறா" என்று எழுதினாய். பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றினோம். பெயர் போடலாம் என்று நீ சொன்னாய். இப்போது சட்டம் நம்மை ஒன்றும் செய்யாது என்றாய். சட்டம் நம் தெருவில் குடியிருக்கவில்லையே என்றேன்.

ஒரு ஞாயிறு மதியம் வீட்டு ஓனர் தண்ணீர் மோட்டார் பார்க்க வந்து கதவைத் தட்டினாரே, நினைவிருக்கிறதா? திரையை மூட எனக்குக் கை வரவில்லை. நீதான் எழுந்து போய்க் கதவைத் திறந்தாய். "இன்னா படம்பா?" என்றார். "காலேஜ் படம்ண்ணே" என்றாய். "ஹீரோயினி எப்டி?" என்று எட்டிப் பார்த்தார். "இன்னும் வர்லண்ணே" என்றாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அவர் போனபின் நீ தரையில் விழுந்து புரண்டு சிரித்தாய். நான் பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன்.

உன் நைனாவிடம் இந்த வேலையைப் பற்றி நீ சொல்லியிருக்கவே கூடாது. அம்மா போனபின் உன்னை ஒற்றை ஆளாக வளர்த்தவர், மகனைப் பற்றிப் பெருமை பேச ஒன்று கிடைத்தால் விடுவாரா? "எம் புள்ள சினிமாவுக்குத் தமிழ் எழுதுறான்" என்று டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார். எந்தப் படம் என்று அவர்கள் கேட்க, அவர் உன்னைக் கேட்க, நீ "அது வெளிநாட்டுப் படம் நைனா, இங்க வராது" என்று ஒவ்வொரு முறையும் தப்பித்தாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். ஏழு நாள்தான்.

உன் சாவு வீட்டில் நான் கம்பெனி ஆட்களோடு நின்றேன். கூட வேலை செய்தவன், அறையைப் பகிர்ந்தவன் எவ்வளவு அழலாம்? எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உன் ஷிப்ட் பையன் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். அவனைப் பார்த்து அவன் அழுகிற அளவுக்கே அழுதேன். அவன் கண்ணைத் துடைத்ததும் நானும் துடைத்தேன். இதற்கு நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்று நினைத்து நினைத்து எத்தனை நாள் வெந்திருக்கிறேன், தெரியுமா?

போன வாரம் உன் நைனா போன் செய்தார். "தம்பி, அவன் பொட்டி உன்னாண்டதான கீது? அத்த எட்த்துகினு ஊட்டுக்கு வா. அவன் எழுதுன படத்த நான் பாக்கணும்." வேலை இருக்கிறது என்றேன். "ஞாயித்துக்கெழம இன்னா வேல?" என்றார். போன சனிக்கிழமை முழுக்க உன் படங்களைத் துழாவினேன். வேறு மாதிரிப் படம் ஒன்றே ஒன்று எழுதி வைத்திருக்கக் கூடாதா? ஒரு சண்டைப் படம்? ஒரு நாய்ப் படம்? தேடித்தேடி முத்தக் காட்சி இல்லாத ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்தேன். உனக்கு மிகவும் பிடித்த படம் அது. மற்றப் படங்களில் வீட்டில் சொன்னதும் கதை முடிந்துவிடும். இதில் ஐம்பத்திரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுவான், சொன்ன பிறகு எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் மீதிப் படம். அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்தேன் என்று கணக்குப் போட்டேன்.

உன் வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்தார். தெருக்கதவு திறந்தே கிடந்தது. "சாத்திடட்டுமாப்பா? வெளிச்சம் அடிக்குது" என்றேன். "காத்து வரட்டும் வுடு" என்றார். பிறகு, "டீக்கட ஆளுங்க நாலு பேரக் கூப்டவா? கேட்டுகினே கீறானுங்க" என்றார். "மொதல்ல நீங்க பாருங்கப்பா" என்றேன்.

அவருக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் "நிறுத்து, நிறுத்து" என்றார். நான் நிறுத்த, அவர் திரையில் விரல் வைத்து வாய்விட்டுப் படித்து, "ம்" என்றதும் ஓடவிட்டேன். மேலே யார் நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அவர் பார்க்கவே இல்லை. கீழே ஓடும் உன் எழுத்தை மட்டுமே பார்த்தார். "அவன் பேசுற மாரியே கீதுபா" என்று இரண்டு முறை சொன்னார். கண் கலங்கச் சிரித்தார். படத்தின் முதல் ஐம்பது நிமிடத்துக்கே இரண்டரை மணி நேரம் ஆனது.

அந்த இடம் வந்ததும் விசையைத் தட்டித் தாண்டினேன்.

"நடுவுல ஒண்ண வுட்டுட்ட."

"இல்லப்பா, அது சரியா வரல, தப்பு இருக்கு."

"தப்போ சரியோ, அவன் எழுதுனது. போடு."

போட்டேன். "நைனா, கோச்சிக்காத. எனுக்குப் பொண்ணு பாக்காத. எனுக்கு அவன் கீறான்." ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். திறந்திருந்த கதவையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ டிவிஎஸ்ஸில் போனார்கள். முதல்முறையாக அவர் கண்ணை மேலே தூக்கிப் படத்தைப் பார்த்தார்.

"இங்க பொம்பளதான நிக்குது? நைனான்னு எழுதிக்கீறான்?"

அந்த வரிக்காக நாம் போட்ட சண்டை! படத்தில் அந்தப் பையன் அம்மாவிடம்தான் சொல்லுவான். அம்மா என்று மாற்று என்று நான் கத்தினேன். "எனுக்கு அந்த வார்த்த வர்லடா. நான் யாராண்ட சொல்லணுமோ அவராண்டதான் சொல்ல முடியும்" என்றாய். மயிரிழை பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிற நான், அந்தப் பிசகை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் மறுபடி படித்தார், இந்த முறை சத்தமில்லாமல். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"அந்த 'அவன்' நீயா?"

இந்தக் கேள்விக்கென்று ஆறு வருடமாக நான் எத்தனை பொய் தயார் செய்து வைத்திருந்தேன்! ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன். அடி விழும் என்று தோள் தானாகக் குறுகியது. அடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரில ஏழு நாளும் வெளிய பெஞ்சுலயே குந்திகினு இருந்தியே. உள்ள வந்து அவன் பக்கத்துல குந்துறதுக்கு இன்னா?"

"பயமா இருந்துச்சுப்பா."

"யாரப் பாத்து?"

"உங்களப் பாத்துதான்."

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அப்ப அவனும் என்னப் பாத்து பயந்துகினேதான் செத்தானா?"

"இல்லப்பா. அவன் பயப்படவே மாட்டான். நான்தான் பயந்தாங்கொள்ளி" என்றேன். இதைச் சொல்ல மட்டும் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் வரவில்லை.

"கண்ணு வலிக்குது. மிச்சத்த அடுத்த ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்று எழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. எப்போதும் சொல்வார், உனக்கே தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். நாளை அவர் மட்டும் இருப்பாரா, சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்திருப்பாரா, லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவாரா, எதுவும் தெரியவில்லை. சொன்ன பிறகு எல்லாரும் எப்படி இருப்பார்கள் என்ற பகுதி நாளைதான் ஓடப்போகிறது.

அன்று திரும்பும்போது ரயிலில் எளாவூர் தாண்டுவதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. பயமில்லாதவன் அதை நேரில் சொல்லியிருப்பானே. அவர் பார்க்கவே போகாத ஒரு படத்தின் அடியில், யாரோ ஒரு பையன் பேசுவதுபோல எழுதி வைத்துவிட்டு எதற்குப் போகவேண்டும்? நீ சிரித்ததை எல்லாம் நான் தைரியம் என்றே எடுத்துக்கொண்டேன். ஒருநாள்கூட உன்னைக் கேட்கவில்லை. என் பயமே எனக்குப் பெரிதாக இருந்தது.

நாளை அவர் திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லப் போகிறேன், அவன் பயப்படவே இல்லப்பா என்று. பொய்யாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உன் பயத்தையும் சேர்த்து நானே வைத்துக்கொள்கிறேன். எனக்குப் பழக்கம்தான்.