ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கையில் தூக்கிப்போட்டது

ஐப்பசி, செவ்வாய் இரவு.

கண் அயரும்போது உடம்பு தூக்கிப்போடுவது எனக்குப் பழக்கம். படியில் கால் தவறியது போல இருக்கும். எல்லோருக்கும் வருவதுதான், தூக்கம் கெட்டால் அதிகம் வரும் என்றார் டாக்டர். தூக்கத்துக்குள் இறங்கும்போதுதான் வருமாம்.

இன்று மில் வேனை ஓட்டும்போது வந்தது. கன்னிவாடி ரோட்டில், பஞ்சாலைப் பெண்கள் பின்னால் இருக்க, என் கால் பிரேக்கை உதைத்தது.

"என்ன அப்பு, பேய் அறைஞ்சிருச்சா?" என்றாள் வேணியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரவு ஷிப்டை இறக்கிவிட்டு விடியுமுன் மறுபடி வேன் எடுக்கிறேன், பகலில் பஞ்சு மூட்டை ஏற்ற என்னைக் கூப்பிட வேண்டாம், தூங்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"வண்டி நிக்கையில ஒனக்கு வேற என்னலே வேலை? டீயக் குடிச்சிட்டு ஓட்டு."

அவன் அந்த வேனில் ஏறுவதில்லை.

இப்போது படுத்ததும் மறுபடி தூக்கிப்போட்டது. அப்போதுதான் உறைத்தது. ரோட்டில் அது வந்ததென்றால், அதற்கு முன் நான் தூங்கியிருக்கிறேன். வழியில் இருந்த பாலத்தைத் தாண்டியது நினைவிலேயே இல்லை.

விடியுமுன் வேன் எடுக்க வேண்டும். தூங்கியே ஆகவேண்டும். கண்ணை மூடப் பயமாக இருக்கிறது. வேணியக்கா நாளை மகளையும் வேலைக்குக் கூட்டி வருகிறாள். இன்று வேனை விட்டு இறங்கும்போதே சொன்னாள்.

"முன் சீட்ட அவளுக்குப் போட்டு வையி அப்பு."

சரி என்று சொல்லிவிட்டேன்.