பசை கூடிய வாழ்த்து அட்டை

இஞ்சாருங்கோ,

சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது. அட்டை செய்யப் பழகும் பிள்ளைகள் பின்னேரம் வந்தால், இன்றைக்கு வகுப்பில்லை என்று சொல்லிவிடுங்கள்.

“வீடு முழுக்கக் கடுதாசிக் குப்பை. போறதெண்டால் போ” என்று நேற்று ஏசினீர்கள். காலையில் பார்த்தால், மேசையில் நீங்களே செய்த வாழ்த்து அட்டை. உள்ளே பூ ஒட்ட இவ்வளவு பசையா தடவுவது? மடிப்பே ஒட்டிப்போயிற்று. இழுத்தால் கிழிகிறது, ஆவி காட்டினேன், மை கரைந்துவிட்டது. நாவல்களில் கடிதம் எரியும், தொலையும்; இப்படி ஒட்டிப்போனதை வாசித்ததில்லை.

இருக்கச் சொன்னீர்களா, போகச் சொன்னீர்களா? பிரியாவிடை அட்டைக்கும் பூ வைக்கத்தானே நான் பழக்குகிறேன். கெலிஓயாவில் அக்கா வீட்டில் இருப்பேன்.

பி.கு.: பதில் எழுதி அனுப்ப வேண்டாம். நேரில் வந்து வாயால் சொல்லுங்கள்.