கிடங்கு வாசல் நாய்

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

நான் காவல் காக்கும் கிடங்கின் வாசலில் ஒரு நாயை முழ நீளச் சங்கிலியில் வெயிலிலேயே கட்டிப்போட்டிருந்தார்கள். மனசு கேட்காமல் நகராட்சிக்குப் போன் செய்தேன். அதிகாரி வந்து, “சட்டப்படி நீளச் சங்கிலி, நிழல், தண்ணி எல்லாம் இருக்கணும்” என்று முதலாளியை எச்சரித்துவிட்டுப் போனார்.

“இந்த வம்பே வேணாம், எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க” என்றார் முதலாளி.

வண்டியில் ஏற்றும்போது அது சந்தோஷமாக வாலை ஆட்டியது. நானே ஒரு நீளக் கயிறு வாங்கிக் கட்டி, வாளியில் தண்ணீர் வைத்திருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.

போன் செய்தது நான்தான் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் பேசும்போது பிள்ளைகள் சண்டை போட்டால் அதட்டாதே. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்