தலைக்கவசம் வந்து சேர்ந்தது

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நான் நலம். வீடும் நலம், ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை வீட்டுக்காரர் ஒருவழியாக மாற்றிக் கொடுத்துவிட்டார். நம் பெண் நலமா என்பதற்குத்தான் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதற்காகத்தான் இத்தனை தாள்.

“ஃபோன் இருக்கும்போது எதுக்குடி கடுதாசி?” என்று கேட்பீர்கள். ஃபோனில் என்னை எங்கே பேச விடுகிறீர்கள்? எடுத்தவுடன், “வாலு இடது கையைத் தூக்கி வச்சு நிக்கிறாளா, இறக்கிட்டாளா?” நான் வாயைத் திறந்தால், “சரி சரி, ஃபோனை அவகிட்ட குடு.” கட்டின பெண்டாட்டி உங்களுக்கு டெலிஃபோன் ஆபரேட்டர். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய தலைக்கவசம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள். சாப்பிடும்போதாவது கழற்றடி என்றால், கன்னத்துப் பட்டைக்கு நடுவே கவளத்தைத் திணித்துக்கொண்டு சிரிக்கிறாள். மறுநாள் பாக்ஸிங் கிளப்புக்குப் போனபோது நானும் கூடப் போனேன். உங்களுக்குத்தான் தெரியுமே, டயர் கடைக்கு மேலே அந்த ஒரே ஹால். கீழேயிருந்து வரும் ரப்பர் நாற்றமும் மேலே இவர்களுடைய வியர்வை நாற்றமும் சேர்ந்து எனக்கு எப்போதும் குமட்டும். மாஸ்டர் கவசத்தை வாங்கி அழுத்தி அழுத்திப் பார்த்தார். “அண்ணன் காசைப் பார்க்கலக்கா, சரக்கு அப்படி” என்றார். எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று மாட்டிப் பார்த்தார்கள்.

அன்றைக்கே ஒன்று கவனித்தேன். பழைய கவசத்தோடு இருந்தபோது பயிற்சிச் சண்டையில் கொஞ்சம் கையை அடக்கி அடிப்பார்கள். நெற்றி கிழிந்துவிடும் என்று பயம். இது வந்த பிறகு, “இது தாங்கும்டி, நல்லா விடு” என்று நம் வாலுவே எதிரே நிற்பவளை ஏற்றிவிட்டாள். மாஸ்டரும் தடுக்கவில்லை. “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்க” என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையைக் காப்பாற்ற வந்த சாமானால் தலைக்கு விழும் அடி கூடிப்போனது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலுவுக்கு எதிரே நின்றது நெட்டச்சி. உயரமாக, கை நீளமாக, சண்டை இல்லாத நேரத்தில் வாலுவின் தோளில் கை போட்டுக்கொண்டே திரியும் பெண். அவள் விட்ட ஒரு குத்து வாலுவின் காதுக்கு மேலே விழுந்தது. இவள் விழவில்லை. ரத்தமும் இல்லை. மணி அடித்ததும் தன் மூலைக்குப் போகாமல் நெட்டச்சியின் மூலைக்குப் போய் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீருக்கு வாயைத் திறந்தாள். ஹாலே சிரித்தது. “மாமியார் வீட்டுக்குப் போயிட்டியா?” என்று யாரோ கேட்க, இவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. சீசன் தொடங்கும் முன்பு ஒவ்வொருத்தியிடமும் ஐந்து வார்த்தைகள் சொல்வார்கள். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். அதற்கு ஒரு மதிப்பெண். பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே சோதனையைத் திரும்ப வைத்து, குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கும் வைத்தார்கள். வாலுவுக்கு இரண்டு வார்த்தைதான் வந்தது. மாஸ்டர் பழைய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, “அப்பவும் ரெண்டுதான்க்கா சொல்லியிருக்கா. ஸ்கோர் அப்படியே இருக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, கூட்டிட்டுப் போங்க” என்றார்.

சின்ன வயதில் ஒரு தடவை கேட்ட சினிமாப் பாட்டை அடி பிசகாமல் பாடியவளுக்கு ஐந்து வார்த்தையில் மூன்று எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை.

வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பகலிலும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். வெளிச்சம் குத்துகிறதாம். பால் காய்ச்சச் சொன்னேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, இவள் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏண்டி என்று கேட்டதற்குக் கரண்டியைச் சுவரில் எறிந்தாள். பிறகு என் மடியில் படுத்து அழுதாள். எதற்கு அழுகிறாய் என்றால், “தெரியலம்மா” என்கிறாள். காலையில் வாந்தி எடுத்துவிட்டு நேற்றைய சாப்பாட்டின் மேல் பழி போடுகிறாள். நேற்று நானும் அதைத்தானே சாப்பிட்டேன்? இத்தனையும் வைத்துக்கொண்டு சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குக் கிளம்பிவிடுகிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது.

நெட்டச்சி என் பல் கிளினிக்குக்கு வந்தாள். சண்டையில் பற்களுக்கு மேல் மாட்டும் கார்டு கடித்துக் கடித்துக் கிழிந்துவிட்டதாம், புதிது வேண்டும். பல் அச்சு எடுப்பது என் வேலைதானே. மாவை வாயில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. தொண்டையில் மாவு போய்விட்டதோ என்று பயந்து வெளியே எடுத்தேன். வாயைக்கூடக் கொப்பளிக்காமல், “ஆன்ட்டி, நான் வேணும்னு அடிக்கல” என்று தேம்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “சீசன் ஆரம்பத்துல அவ வேணும்னேதான் ரெண்டு வார்த்தை சொன்னா. அப்பதான் அடிபட்டாலும் ஸ்கோர் குறையாதாம், உட்கார வைக்க மாட்டாங்களாம். அங்கிள்தான் ஃபோன்ல சொல்லிக் கொடுத்தாராம். கெட்டிக்காரத்தனமா இருக்குன்னு நாங்க எல்லாருமே அப்படித்தான் செஞ்சோம்.”

நீங்கள்தானே? நீங்களேதான். இந்தத் தந்திரம் வேறு யாருக்கு வரும்? படிப்பதை நிறுத்திவிட்டு இந்த இடத்தில் எழுந்து போகாதீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் எதிரில் இருந்திருந்தால் உங்கள் வளைந்த மூக்கை நான் நிமிர்த்தியிருப்பேன்.

கண் பரிசோதனை என்று பொய் சொல்லி அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மூளை டாக்டர் அறை வாசலில் பலகையைப் பார்த்ததும் முறைத்தாள், ஆனால் உள்ளே வந்தாள். அவர் நல்ல மனிதர். என்னிடம் பேசாமல் அவளிடமே பேசினார். “கவசம் தோல் கிழியாம பார்த்துக்கும்மா. உள்ள மூளை குலுங்குறதை எந்தக் கவசமும் நிறுத்தாது. முட்டை டப்பாவை எவ்வளவு துணி சுத்தி ஆட்டினாலும் உள்ள இருக்கிற முட்டை ஆடத்தானே செய்யும்?” என்றார். தலைவலி முழுவதும் போய், தான் பார்த்துச் சொல்லும்வரை கையுறையைத் தொடவே கூடாது என்றார். “முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது விழுந்தா, சில பேர் எழுந்திரிக்கிறதே இல்ல” என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் மருந்துச் சீட்டைக் கசக்கிப் போட்டாள்.

மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாலுவைக் கூப்பிட்டுக் கேட்டார். “அம்மாவுக்குப் பயம் மாஸ்டர், கதை கட்டுறாங்க” என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நெட்டச்சி தரையைப் பார்த்தாள். தானும் மாட்டிக்கொள்வாளே! மாஸ்டருக்கும் இவள் போய்ச் சண்டை போட்டு ஜெயித்தால்தான் கிளப்புக்குப் பெயர். “மேஜரான பொண்ணுக்கா, நான் என்ன செய்ய?” என்று கையை விரித்துவிட்டார். அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுச் சண்டை இந்த மாதக் கடைசி ஞாயிறு. எதிரே நிற்கப்போகிறவள் போன வருடம் ஒருத்தியின் தாடையை உடைத்தவள்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஒன்று கேட்டாள். “அப்பா வாங்காத அடியா? அவர் காலத்துல இவ்வளவு நல்ல ஹெட்கார்டுகூட இல்லையே. அப்பா நல்லாத்தானே இருக்கார்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்னங்க, உங்கள் அறையில் கூடவே இருக்கும் சமையல்காரத் தம்பி எனக்கு அவ்வப்போது ஃபோன் செய்கிறார். அவர்மேல் கோபப்படாதீர்கள், நான்தான் கேட்டுக்கொண்டேன். குடோனில் காவல் வேலை முடிந்து வரும்போது பஸ் நிறுத்தம் தெரியாமல் நீங்கள் தெருவில் நின்றிருந்ததைச் சொன்னார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குளிக்கப் போனதைச் சொன்னார். அவரையே ஒருநாள், “நீ யாருப்பா?” என்று கேட்டீர்களாம். விளையாட்டுக்குக் கேட்டேன் என்று பிறகு சமாளித்தீர்களாம். போன தடவை விடுமுறைக்கு வந்திருந்தபோது நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க நம் சாவியைப் போட்டுப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். வாலு வேறொருத்தியின் ஸ்டூலில் உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வராதது அதனால்தான். அந்த முழியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

அவளிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. உங்களைப் பற்றி அவள் மனதில் வைத்திருக்கும் படம் எனக்குத் தெரியும். அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னாலும் நம்ப மாட்டாள். அப்பாவை மட்டம் தட்டுகிறாய் என்பாள்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் எழுதிய எல்லாவற்றையும் நான் உங்களிடம் ஃபோனில் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஒரு தடவை அல்ல. முதல் தடவை நீங்கள் குழந்தை மாதிரி அழுதீர்கள். “நானே அவகிட்ட சொல்றேன், நான் சொன்னா நிறுத்திடுவா” என்று சத்தியம் செய்தீர்கள். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, ஹெட்கார்டின் பட்டை கழுத்தை இறுக்குகிறதா, சண்டை என்றைக்கு என்று உற்சாகமாகக் கேட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பச் சொன்னேன். திரும்பவும் அழுதீர்கள், முதல் தடவை கேட்பதுபோலவே. அதனால்தான் எழுதுகிறேன். தாளில் இருந்தால் மறுநாளும் இருக்குமே.

உங்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அந்தத் தந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தானா, உங்கள் அடிபட்ட தலைதானா என்று எனக்கே தெரியவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சமையல்காரத் தம்பியிடம் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு, சண்டைக்கு முன்னாலேயே, அவருக்கு விடுமுறை. அவர் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து உங்களுக்குப் படித்துக் காட்டுவார். முடித்த கையோடு வீடியோவில் வாலுவைக் கூப்பிட்டுத் தருவார். மறப்பதற்கு நேரம் கொடுக்காதீர்கள். அவளிடம் அறிவுரை சொல்ல வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஐந்து வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அவள் சிரிப்பாள், “எதுக்குப்பா?” என்பாள். சொல்லட்டும். கொஞ்ச நேரம் இடது கையைப் பற்றி, அவளுக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள். பிறகு நீங்கள் அந்த ஐந்தையும் அவளிடம் திருப்பிச் சொல்லுங்கள்.

தம்பி ஃபோனுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க மாட்டார், கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வந்ததைச் சொல்லுங்கள். வராததை வரவில்லை என்று சொல்லுங்கள். சிரித்துச் சமாளிக்காதீர்கள். உங்கள் ஆயுளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பெண்ணின் முன்னால் தோற்றுப்போங்கள். அவள் அழுவாள். நான் பக்கத்தில் இருப்பேன், பார்த்துக்கொள்கிறேன்.

வேறென்ன எழுத? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அடுப்புப் பக்கம் போக வேண்டாம், தம்பியே பார்த்துக்கொள்வார். வேலையை விடுவது பற்றி அவர் பேச்செடுத்தால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், நான் சொல்லித்தான் பேசுவார். அங்கேயே நன்றாக இருங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்துவிடுங்கள், நம் கதவை நானே திறந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
என்றைக்கும் உங்கள் மனைவியும்
வாலுவின் அம்மாவுமான நான்