காற்று நுழைந்த இடம்

அடையாறு,
3-6-1948.

ஜனாப் கலீமுல்லா அவர்களுக்கு,

ஸலாம். நானும் ஷகீலாவும் சுகம். தாங்களும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

தாங்கள் திருச்சி வாட்டர் ஒர்க்ஸுக்கு மாற்றல் வாங்கிப் போன இந்த ஆறு வருஷத்தில் நம் கடிதங்கள் ஷகீலாவின் பள்ளிக்கூட விஷயத்தைத் தாண்டியதில்லை. இதுவும் அவள் விஷயம்தான். ஆனால் பம்பு வழியாக எழுதுகிறேன்.

சென்ற மாதம் அடையாற்றில் ஒரு வீடு வாங்கினேன். வாணியம்பாடியில் என் பங்குக்கு வந்த தோப்பை விற்றுவிட்டேன். சீமைக்குத் திரும்பிய ஒரு கம்பெனி மானேஜரின் வீடு. பின்னால், ஆளுயரத்துக்கு மேல் சுவர் வைத்து, நடுவில் நீச்சல் குளம். மைலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இதைவிட நல்ல வீடுகள் பார்த்தேன். அவற்றில் குளம் இல்லை.

காரணம் ஷகீலாவின் வலது கால். முட்டி மடங்கியபடியே இறுகிக்கொண்டு வருகிறது. மார்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடை காலுக்குத் தெரியாது, தினம் அரைமணி அதில் நடந்து பழகினால் முட்டி நீளும் என்று டாக்டரம்மா சொல்கிறார். மழைக்காலத்துக்கு முன் மூன்று மாதமாவது பழக வேண்டுமாம். தவறினால் இரும்புப் பட்டை, அதுவும் ஆயுசுக்கு. ஆனால் குளத்தின் அடியில் உள்ள வெள்ளை ஓடு கண்ணுக்குத் தெரிகிற வரையில் அவளை இறக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

ஓடு தெரியவில்லை. தண்ணீர் பச்சையாகிவிட்டது. குளத்து நீரைப் பம்பு இழுத்து, மணல் நிரப்பிய இரும்பு டிரம்முக்குள் தள்ளி, வடிகட்டித் திரும்பக் குளத்தில் விடவேண்டும். விடுகிறது, கூடவே காற்றையும். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் திரும்பும் குழாயிலிருந்து குமிழிகள் கொப்புளிக்கின்றன. கால்மணியில் பம்பு தண்ணீரை விட்டுவிட்டுக் கூச்சல் போடுகிறது. எங்கும் ஒழுகவில்லை. நான் பௌதிகம் கற்பிப்பவள், எனக்கே விளங்கவில்லை. தங்களுக்கு விளங்கலாம்.

இங்ஙனம்,
வஜீஹா.


திருச்சி,
7-6-48.

வஜீஹாவுக்கு,

ஸலாம். பதினேழு வருஷத்துக்கு முன் என்னை நிக்காஹ் செய்தவள் 'ஜனாப்' என்று எழுதினால், கடிதம் வேறு யாருக்கோ என்று உறையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ வீடு வாங்கியது பம்பு கெட்ட பிறகுதான் எனக்குத் தெரிகிறது. போகட்டும்.

பம்பைத் தாண்டிய குழாயில் தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளும். அங்கே ஓட்டை இருந்தால் ஒழுகும். பம்புக்கு முன்னால் உள்ள குழாயிலோ அது வெளியிலிருந்து உள்ளே உறிஞ்சும். அங்கே ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஈரத்தைத் தேடினால் உனக்கு எதுவும் கிடைக்காது. அந்த ஓட்டைக்கு அடையாளமே காய்ந்திருப்பதுதான்.

பம்பை ஓடவிட்டு, குளத்திலிருந்து பம்பு வரையுள்ள ஒவ்வொரு இணைப்பின்மேலும் கெட்டிலால் தண்ணீர் ஊற்று. ஒருவர் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எந்த இணைப்பில் ஊற்றும்போது குமிழி குறைகிறதோ அதுதான் இடம். அங்கே காற்றுக்குப் பதில் நீ ஊற்றிய தண்ணீர் உள்ளே போகும்.

குழந்தைக்கு உயரம் என்ன இப்போது?

கலீமுல்லா.


அடையாறு,
14-6-1948.

அன்புள்ள இன்ஜினீயர் அவர்களுக்கு,

'ஜனாப்' இல்லை. இதற்குமேல் உடனே முடியாது.

ஷகீலா என் தோளைத் தாண்டிவிட்டாள், ஊன்றுகோலோடு நிற்கும்போது.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மெஹபூப் பாஷா என்ற குழாய் மேஸ்திரி வந்தார். தாங்கள் எழுதியதை நான் சொன்னதும் அவர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மா, எல்லா ஜாயிண்டும் எலும்பு மாதிரி காஞ்சி கீது. தண்ணி பூராத எடத்துல காத்து எப்பிடி மா பூரும்?"

"அப்படித்தான் பூருமாம். ஊற்றிப் பாருங்கள்" என்றேன்.

"பட்ச்சவங்க சொன்னா ஊத்தவேண்டியதுதான். பம்புக்கு டீ குடுக்குற வேல நம்ப வம்சத்துலயே மொத தபா."

ஷகீலா குளத்தோரம் நாற்காலியில் உட்கார்ந்து குமிழியைப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு இணைப்பாக ஊற்றிக்கொண்டு வந்தார். பம்புக்கு முன்னால் இலை, முடி தங்குவதற்கு ஒரு செப்புப் பானை இருக்கிறதே, அதன் மூடியில் ஊற்றியதும் ஷகீலா, "கொறையுது, கொறையுது" என்று கத்தினாள். மூடியைத் திறந்தால், உள்ளே ரப்பர் வளையம் அப்பளம்போல் நொறுங்கிக் கிடந்தது. பழைய லாரி டியூபிலிருந்து புது வளையம் வெட்டிப் போட்டார்.

"யாரு மா அந்த இன்ஜினீரு?" என்று கேட்டார்.

"வாட்டர் ஒர்க்ஸில் இருக்கிறார்" என்றேன்.

"எங்க அத்தா" என்றாள் ஷகீலா.

ஆனால் வேலை முடியவில்லை. குமிழி பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. பம்பு இப்போது கால்மணிக்குப் பதில் முக்கால்மணி ஓடுகிறது. மோட்டாரின் தண்டு பம்புக்குள் நுழைகிற இடத்தில் ஊற்றினாலும் சிறிது குறைகிறது. அங்கே கொழுப்பு தோய்த்த புதுச் சணலைத் திணித்தார். இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி வந்துவிட்டது. பானையின் பக்கத்தில், பம்பு உறிஞ்சும் இழுப்பை அளக்கிற மீட்டரில் முள் பதினெட்டு அங்குலத்தில் நிற்கிறது. இது தங்களுக்கு உதவுமா என்று தெரியாது, கண்டதை எழுதுகிறேன்.

ஊரூர்க் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கெங்கம்மா தினம் சுவரோரம் கூடையை இறக்கிவைத்து ஒரு பார்வை பார்க்கிறாள். "இன்னா டீச்சரம்மா, பாசி நல்லா வளத்துகினு கீற. ரெண்டு கெண்ட குஞ்சி வுடட்டா?" என்கிறாள். டாக்டரம்மா வியாழக்கிழமை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஜூன் பாதி போய்விட்டது.

வஜீஹா.


திருச்சி,
18-6-48.

வஜீஹாவுக்கு,

ஸலாம். முள்ளைப் பற்றி எழுதினாயே, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

உன் பம்பு தண்ணீர் மட்டத்திலிருந்து மூன்று அடிக்குமேல் இருக்காது. அதற்கு முள் ஐந்தில், மிஞ்சினால் ஆறில் நிற்கவேண்டும். பதினெட்டு என்றால் பம்பு மூச்சுத் திணறி இழுக்கிறது. எதுவோ அதன் வாயை அடைத்திருக்கிறது. தண்ணீர் தாராளமாகக் கிடைக்காததால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய சணலையும் ரப்பரையும் பிய்த்துக்கொண்டு காற்றை இழுக்கிறது. மெஹபூப் பாஷா நூறு தடவை சணல் திணித்தாலும் நூறு தடவையும் போகும். அவர்மேல் தப்பில்லை.

பானையில் அடைப்பிருந்தால் மூடியைத் திறந்தபோதே கண்டிருப்பாய். எனவே அடைப்பு குளத்துக்குள், குழாயின் வாயில் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரப்பர் அப்பளம்போல் இருந்தது வரை எழுதியிருக்கிறாய். குழாயின் வாயைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. நீ மறக்கிறவள் அல்ல. எழுதாமல் விட்டது என்ன?

கலீமுல்லா.


அடையாறு,
24-6-1948.

அன்புள்ள உங்களுக்கு,

நான்கு மடிப்பு மல் துணி.

குளத்தைக் காலிசெய்து கழுவியபோது நானே கட்டினேன். மைலாப்பூரில் நாம் குடியிருந்தபோது கார்ப்பரேஷன் குழாய்க்குக் கட்டுவேனே, அதே மாதிரி. ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன மணல் டிரம்மை நம்பி என் மகளைத் தண்ணீரில் இறக்க எனக்கு மனமில்லை. இந்த ஊரில் குழாயைக் கண்டால் துணி கட்டாத பெண் யார்? வகுப்பில் காற்றழுத்தம் நடத்துகிறவள், அது பம்பின் வாயைக் கட்டுவதாகும் என்று நினைக்கவில்லை. நல்லது செய்திருக்கிறேன் என்ற நினைப்பில் அதை எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை.

அவிழ்க்க ஆள் கிடைக்கவில்லை. மெஹபூப் பாஷா, "சைதாப்பேட்டைல வேல கீது மா, வெள்ளிக்கெயம தொயுவ முட்ச்சிகினு வரேன்" என்று போய்விட்டார். கெங்கம்மாவைக் கேட்டேன். "நானா? எங்கூட்டு ஆம்பளதான் கடல்ல பூருவான். நான் கரைல நின்னுகினு வைவேன், அவ்ளோதான்" என்றாள். எனவே சேலையை வரிந்துகொண்டு நானே இறங்கினேன். அவள் கரையில் குந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயதில் மார்பளவு பச்சைத் தண்ணீரில் நின்று, காலால் தடவி வாயைக் கண்டுபிடித்து, மூச்சைப் பிடித்துக் குனிந்து முடிச்சைப் பிய்த்தேன். துணி களிமண் உருண்டைபோல் வந்தது. ஷகீலா சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

முள் ஐந்தரை. குழாயில் தங்கியிருந்த காற்று ஐந்து நிமிஷம் குமிழியாக வந்து தீர்ந்தது. பிறகு ஒரு குமிழியும் இல்லை. பம்பு இரவும் பகலுமாக மூன்று நாள் ஓடியது. இன்று காலை ஓடு தெரிகிறது.

இத்தோடு முடித்திருக்கலாம். எழுதாமல் விட்டது என்ன என்று கேட்டீர்கள். இன்னொன்று இருக்கிறது.

ஏப்ரல் 1942. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது, வாட்டர் ஒர்க்ஸை விட்டு வரமுடியாது என்று நீங்கள் பட்டணத்தில் தங்கினீர்கள். நான் குழந்தையோடு வாணியம்பாடியில் இருந்தேன். காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள், கால் தூக்க வரவில்லை என்றாள். பலவீனம் என்றேன். பத்தாம் நாள்தான் உங்களுக்குத் தந்தி கொடுத்தேன். ஒன்பது நாளும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்தீர்கள், அவள் காலைப் பார்த்தீர்கள், என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பீர்கள் என ஆறு வருஷம் காத்திருந்தேன். கேட்காததை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதனால்தான் திருச்சிக்கு நான் வரவில்லை. கல்லூரி வேலை என்று சொன்னது சாக்கு.

டாக்டரம்மா திங்கட்கிழமை ஷகீலாவை இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

வஜீஹா.


திருச்சி,
29-6-48.

வஜீஹா,

நான்காம் நாளே எனக்குத் தெரியும்.

உன் பெரியப்பா ஒரு கார்டு போட்டிருந்தார். 'பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, வந்து பார்த்தால் நல்லது' என்று இரண்டு வரி. வெயில் காய்ச்சல் என்று நினைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பம்பு ஹவுஸில் ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரு நாள் லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவே இல்லை. உன்னைப்போலவே நானும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

உன் தந்தி வந்ததும், அப்போதுதான் கேள்விப்பட்டவன்போல் வந்து நின்றேன். நீ தலைகுனிந்து நின்றாய். அது எனக்கு வசதியாக இருந்தது. உன்னை நான் கேள்வி கேட்டால் நீயும் என்னைக் கேட்டிருப்பாய். பெரியப்பா மவுத்தான பிறகு இது யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாகவும் இருந்தேன்.

முன்னமே வந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று இங்கே ஒரு டாக்டரைக் கேட்டேன். இளம்பிள்ளை வாதத்துக்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை என்றார். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவில்லை. உனக்காகத்தான் எழுதுகிறேன்.

வாரம் ஒருமுறை மணல் டிரம்மில் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டுக் கழுவச் சொல். மற்றபடி நான் கேட்பதற்கு எனக்கு உரிமை எதுவும் இல்லை. திங்கட்கிழமை இறங்கினாளா என்று மட்டும் ஒரு கார்டு போடு.

கலீமுல்லா.


அடையாறு,
5-7-1948.

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பெட்டியில் பூட்டி வைத்தேன். கல்லூரியில் தலைவலி என்று சொன்னேன். கோபம்தான். ஆறு வருஷம் நான் ஒருத்தியாகச் சுமந்ததில் பாதி உங்கள் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. இந்தக் கோபம் சீக்கிரம் போகும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பழைய மாதிரி இல்லை. அப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் இருந்தது.

திங்கட்கிழமை இறங்கவில்லை. படிக்கட்டு வரை வந்தவள் பயந்துபோய் மாட்டேன் என்றாள். செவ்வாய் இரண்டாம் படி. புதன் இடுப்பளவு, கெங்கம்மா கரையிலிருந்து, "பூரு கண்ணு, உங்கம்மாவே பூந்துட்டா, உனுக்கின்னா" என்று கத்திக்கொண்டிருந்தாள். பிறகு பொறுக்கமுடியாமல் தானே மீன் கூடையைத் தூரத் தள்ளிவிட்டு இறங்கி, அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா மீன் வாடையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார்.

நேற்று ஞாயிறு. கெங்கம்மா கையை எடுத்துவிட்டாள், ஷகீலாவுக்குத் தெரியாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, ஊன்றுகோல் இல்லாமல், பதினோரு அடி எடுத்துவைத்தாள். முட்டி முழுவதும் நீளவில்லை. விரலால் அளந்து பார்த்தேன். ஒரு விரற்கடை நீண்டிருக்கிறது. டாக்டரம்மாவோ, ஒரு வாரத்தில் எதையும் நம்பக்கூடாது, ஆகஸ்டில் அளக்கலாம் என்கிறார். நான் அவர் கட்சி. இருந்தாலும் அளந்தேன்.

மேலே ஏறி வந்தவள், "அத்தா எப்போ வருவாங்க?" என்று கேட்டாள். அவர்தான் சொல்லவேண்டும் என்று வழக்கம்போல் சொல்ல இருந்தேன். நானும் சொல்லலாம் என்று தோன்றியது.

தினம் காலை ஏழு மணிக்கு இறங்குகிறாள். திருச்சி வண்டி ஆறு மணிக்குள் எழும்பூர் வந்துவிடும். நோன்பு பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்கு முன் வந்தாலும் சரி, நோன்பில் வந்தாலும் சரி. வாருங்கள்.

தண்ணீரில் இறங்குவதானால் பழைய கைலி ஒன்று கொண்டுவாருங்கள். இந்த வீட்டில் ஆண்களுக்கான உடுப்பு எதுவும் இல்லை.

வஜீஹா.