சம்பந்தியோடு போலந்தில் எட்டு நாள்

சேசு, மரி, சூசை

லா ஷப்பேல், பாரிஸ்
20 செப்டம்பர் 1987, ஞாயிறு

அன்பு மகள் இசபெல்லுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலைத் தவிர. அங்கே ரெயூனியன் தீவில் நீயும் மாப்பிள்ளை எமிலும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போலந்திலிருந்து நான் போட்ட படத் தபால் வந்து சேர்ந்ததா? "ஊர் அழகு, எல்லாம் நலம்" என்று அதில் எழுதியிருந்ததை நம்பாதே. எழுதும்போது உன் மாமியார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையை இப்போதுதான் எழுதுகிறேன். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிக்காதே, நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு படி, வீக்கம் குறையும்.

உன் ஜூலை மாதக் கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். டிசம்பரில் பிரசவம், சர்க்கார் கொடுத்த வீட்டில் கூடுதலாக ஒரே அறை, அதில் ஒரே கட்டில், ஆகையால் ஒருவர்தான் வர முடியும், யார் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று எனக்கு ஒன்றும் உன் மாமியாருக்கு ஒன்றுமாக எழுதிப் போட்டுவிட்டு நீ பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டாய். இருவரும் வந்தால் பிள்ளை பயந்து வெளியே வராது என்று மாப்பிள்ளை சொன்னதாக வேறு எழுதியிருந்தாய். தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் போவதுதான் முறை, இதில் பேச என்ன இருக்கிறது? ஆனால் உன் மாமியார், தன் மகன் வீட்டுக்குத் தான் போவதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று கோயில் வாசலில் நாலு பேர் காது படச் சொன்னாராம். உன் கல்யாண விருந்தில் அவர் தம்பி தட்டில் எலும்பு மட்டும் விழுந்த நாளிலிருந்து எங்களுக்குள் "சௌக்கியமா", "சௌக்கியம்" என்பதற்கு மேல் பேச்சு கிடையாது என்று உனக்குத் தெரியும். அப்படி இருக்க எதைப் பேசி எதை முடிவு செய்வது? அதனால்தான் நம் லாசர் சாமியார் போலந்துக்கு ஒரு பெரிய பஸ் கார் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார், செஸ்டகோவா மாதா கோயிலும் அதில் உண்டு என்று கேள்விப்பட்டதும் பேரைக் கொடுத்தேன். மனிதர்களிடம் பேசி முடியாததை மாதாவிடம் பேசிவிடலாம் என்று நினைத்தேன். உன் அப்பா, போலந்தில் என்ன இருக்கிறது, குளிர் இங்கேயே இருக்கிறதே என்று சொல்லிவிட்டார். புறப்படுகிற அன்று விடியற்காலை பெட்டியோடு போய் நின்றால் காரின் முதல் சீட்டில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உன் மாமியார் ஜெனவியேவ் உட்கார்ந்திருக்கிறார்! அவரும் அதே வேண்டுதலுக்குத்தான் வருகிறார் என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. சாமியார் கையைத் தேய்த்துக்கொண்டு, "சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம், அதான் ஒரே ரூமா போட்டுட்டேன்" என்றார். அந்த மனிதருக்குப் பூசை வைக்கத் தெரியும், மற்றது ஒன்றும் தெரியாது.

சாப்பாட்டுக் கதையைக் கேள். ரூ பெர்தொனே தெருவில் கடை வைத்திருக்கிற குகதாசன், "அக்கா, அங்கை புளி, மிளகாய் ஒண்டும் கிடையாதாம், இதையும் கொண்டு போங்கோ" என்று ஒரு எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திணித்துவிட்டார். உன் மாமியார் கொண்டு வந்ததோ ஒரு டப்பா நெத்திலிக் கருவாட்டுப் பொடி. கிழக்கு ஜெர்மனி எல்லையில் துப்பாக்கி வைத்திருந்த அதிகாரி ஒருவர் அந்த டப்பாவைத் திறந்து, என்ன என்று முகர்ந்து பார்த்து, ஒன்பது தும்மல் தும்மினார். காரில் நாற்பத்திரண்டு பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். பத்தாவது தும்மலுக்குக் காத்திருந்து, அது வராமல், டப்பாவை மூடி இரண்டு கையாலும் உன் மாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு எங்கள் பெட்டிகளை அவர்கள் தொடவே இல்லை.

வார்சாவில் ஹலினா என்று ஒரு பெண் வழிகாட்டியாக வந்து சேர்ந்தாள். நல்ல பிரெஞ்சு பேசுகிறாள், சின்ன வயது, கையில் மஞ்சள் குடை, அதைத் தூக்கிப் பிடித்தால் நாங்கள் எல்லோரும் பின்னால் ஓட வேண்டும். பழைய நகரம் என்று ஒன்றைக் காட்டினாள். சண்டையில் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்களாம், பழைய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டினார்களாம். அப்படியானால் இந்தப் பழைய நகரம் என்னைவிட வயதில் சின்னது என்று சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், உன் மாமியார் மட்டும் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு நானும் பார்த்தேன். சோற்றுக்கே வழியில்லாத நேரத்தில் ஜன்னல் கம்பியின் வளைவைக்கூட விடாமல் கட்டியிருக்கிறார்கள். அன்று அங்கே ஒரு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு பாவமான வேண்டுதல் செய்தேன், மகளிடம் மறைக்க என்ன இருக்கிறது, சம்பந்தியம்மாவுக்கு டிசம்பரில் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளட்டும், அதிகம் வேண்டாம், விமானம் ஏற முடியாத அளவுக்குப் போதும் என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் அவரும் பக்கத்திலேயே ஒன்று ஏற்றிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அங்கிருந்து கிராக்கோ. அங்கே கோயில் கோபுரத்தில் மணிக்கு ஒரு தடவை ஒருவர் எக்காளம் ஊதுகிறார், ஊதிக்கொண்டே இருந்து பாதியில் சட்டென்று நிறுத்திவிடுகிறார். அந்தக் காலத்தில் எதிரி விட்ட அம்பு ஊதுகிறவன் தொண்டையில் பாய்ந்ததாம், அதன் நினைவாகவாம். உன் அப்பா குளியலறையில் அலமாரி மாட்ட ஆரம்பித்த கதைதான், ஆனால் அவரை எந்த அம்பும் தொடவில்லை. உப்புச் சுரங்கத்துக்கும் போனோம், படிகள் இறங்கி இறங்கி என் முழங்கால் கழன்றே விட்டது. கீழே பெரிய கோயில், பீடம், சுரூபம், தொங்குகிற விளக்கு வரை எல்லாம் உப்பு. யாரும் பார்க்காதபோது உன் மாமியார் சுவரை நக்கிப் பார்த்து, "நம்ம மரக்காணத்து உப்புக்கு ஈடாவாது" என்று முதல் தடவையாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார். நானும் நக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

இனிமேல்தான் விஷயம். மறுநாள் ராசாக்களின் அரண்மனையைப் பார்க்கப் போகிற வழியில் ஒரு கடை வாசலில் நீண்ட வரிசை, எல்லாம் பெண்கள். அந்த ஊரில் கடையில் எது வந்தாலும் வரிசை, என்ன வந்தது என்று பிறகுதான் கேட்பார்களாம், அவ்வளவு தட்டுப்பாடு. பிரெஃபெக்த்யூர் ஆபீசில் காகிதங்களுக்காக எத்தனை வருஷம் நின்றவள் நான், வரிசையைக் கண்டால் என் கால் தானாகவே போய் நின்றுவிடும். ஹலினாவிடம் வயிற்று வலி, காரில் போய் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டு நைசாக நழுவி வந்து கடைசியில் நின்றால், எனக்கு முன்னால் ஒரு கம்பளித் தொப்பி. தலைவலி என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னாலேயே அவர் வந்துவிட்டார்! என்ன விற்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியாது. ஒரு போலந்துக்காரி இரண்டு கையையும் மடித்துத் தாலாட்டிக் காட்டினாள். பிள்ளைச் சாமான்! பிறகு எங்களை அங்கிருந்து யாரால் நகர்த்த முடியும்? ஒரு கிழவர் காகிதத்தில் பேர் எழுதி எண் போட்டார், உன் மாமியாருக்கு நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்திரண்டு. மூன்று மணி நேரம் நின்றோம். வயிற்று வலி என்று பொய் சொன்னதற்குத் தண்டனையாக நடுவில் நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. அவரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வாய் வரவில்லை, போனால் இடம் போனதுதான் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்கிறது. என் இடத்தில் நுழையப் பார்த்த ஒரு தடித்த அம்மாளுக்கு எதிரே உன் மாமியார் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, கிராக்கோ நடுத்தெருவில் சுத்தத் தமிழில், "ஏய், இது எங்க சம்பந்தி எடம்! அவங்க பொண்ணு மாசமா இருக்கு, பெத்தவங்க அவங்க, தெரியுமா ஒனக்கு? நவுரு!" என்று கத்துகிறார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நகர்ந்துவிட்டாள். எனக்கு எல்லாம் புரிந்தது இசபெல், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன் பிறகு பேசாமல் எப்படி இருப்பது? மீதி ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். மாப்பிள்ளை எமில் பிறந்தபோது அவர் மடகாஸ்கரில் இருந்தாராம், வயது பத்தொன்பது, புருஷன் பட்டாளத்தோடு வேறெங்கோ. ஆஸ்பத்திரியில் தமிழ் பேச ஓர் ஆள் இல்லை, இவருக்கு அப்போது பிரெஞ்சும் தெரியாது. பெற்று முடித்ததும் குளிர்ந்த பாலும் ரொட்டியும் கொடுத்தார்களாம், பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து அரைத்துக் கொடுக்கவோ வயிற்றைக் கட்டிவிடவோ ஒருவரும் இல்லையாம். பிள்ளையைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டு மூன்று நாள் அழுதாராம். "அந்தப் பொண்ணு அப்படி தனியா கெடக்கக்கூடாது சம்பந்தி, அதான் நான் போவணும்னு நின்னேன்" என்றார். மாப்பிள்ளைக்கு இது தெரியாது, நீயும் சொல்லாதே.

எங்கள் முறை வந்தபோது ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதுவும் நாற்பத்தொன்றுக்குரியது. பிள்ளையை உள்ளே வைத்துச் சுற்றிக் கட்டுகிற மெத்தைப் பை, முழுக்க வாத்து இறகு அடைத்தது, ஓரமெல்லாம் லேஸ். அவர் வாங்கி என் கையில் வைத்தார். வெற்றி வீராங்கனைகளாகக் காருக்குத் திரும்பினோம். ஹலினா தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ப் பனிக்கு இதை விட்டால் வேறில்லை, பிள்ளை எந்த ஊரில் பிறக்கப் போகிறது என்று கேட்டாள். ரெயூனியன், டிசம்பர் மாதம் என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அங்கே டிசம்பரில் விசிறி ஓடாமல் ஒரு நிமிஷம் உட்கார முடியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். கார் முழுக்கச் சிரித்த சிரிப்பில் லாசர் சாமியாருக்கு இருமல் வந்துவிட்டது. உன் அப்பா நேற்றுதான் அந்தப் பையைப் பார்த்தார், இதில் பேரனை வைத்தால் பொரித்து எடுக்கலாம் என்கிறார்.

செஸ்டகோவாவில் எக்காளம் முழங்க, மாதா படத்தை மூடியிருந்த வெள்ளித் திரை மேலே போனது. மாதாவின் முகம் கறுப்பு, கன்னத்தில் இரண்டு வெட்டுத் தழும்பு. எதற்காக அவ்வளவு தூரம் போனேனோ அதைக் கேட்க அங்கே எனக்கு நாக்கு எழவில்லை, தாயும் பிள்ளையும் பிழைத்தால் போதும் என்று மட்டும் கேட்டேன். திரும்புகிற வழியில் காரில் நானே சொன்னேன், சம்பந்தி, டிசம்பருக்கு நீங்களே போயிட்டு வாங்க என்று. ஒரு பேச்சுக்காவது, ஐயோ பெத்தவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படி என்று சொல்வார், இரண்டு தடவை மறுப்பார், நானும் இரண்டு தடவை வற்புறுத்தலாம் என்று தயாராக இருந்தேன். "சரி சம்பந்தி" என்றார்! அவ்வளவுதான்! எனக்கு வந்த கோபத்தில் ஜெர்மனி முழுவதும் அவரோடு பேசவில்லை. பெல்ஜியத்தில்தான் ஊறுகாய் கேட்டார், கொடுத்தேன். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். டிசம்பர் முதல் வாரம் அவர் வருவார். காய லேகியம் நான் கிண்டிக் கொடுத்து அனுப்புகிறேன், கசக்கிறது என்று துப்பாதே. அவர் கொண்டு வரும் மெத்தைப் பையைப் பார்த்துச் சிரித்துவிடாதே, ஒரே ஒரு நிமிஷம் பிள்ளையை அதில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, உடனே வெளியே எடுத்துவிடு. நான் பாஸ்கா பண்டிகைக்கு, பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத முடியவில்லை. வருத்தம்தான். நிறைய வருத்தம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப் போகிற கண்மணிக்கும் சகல வரங்களும் கிடைக்க எங்கள் இருவருடைய ஆசீர். இரும்பு மாத்திரையை மறக்காதே. இன்னும் ஒன்று. வலி எடுக்கும்போது எல்லாப் பெண்களையும் போல நீயும் "அம்மா" என்றுதான் கத்துவாய். தன்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்து உன் மாமியார் ஓடி வருவார். வரட்டும், நீ திருத்தாதே. யாரைக் கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உன்னைப் பெற்றவள்,
ஆலீஸ்