ஏழாம் எண் பாட்டில்

மைசூரு,
சனிக்கிழமை காலை

அன்பு மகள் சுசித்ராவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், ஜாம்நகரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். குறையில்லை என்பது முழு நிஜம் இல்லை, தை மாதம் வந்த சளிக்குப் பிறகு என் மூக்குக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. மூன்று மாதத்தில் ரிட்டையர் ஆகிற லேப் அட்டெண்டர் இதைப் போய்க் கல்லூரியில் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். அங்கே அமிலப் புகை பட்டு லேபிள் எல்லாம் வெளுத்துக் கிடக்கும், இருபத்தாறு வருடமாக நான் மூடியைத் திறந்து முகர்ந்துதான் எது என்னவென்று எடுத்தேன். வியாழக்கிழமை, இங்கே பிளஸ் டூவை பி.யு. என்பார்களே, அந்தச் செய்முறைத் தேர்வுக்கு, ஏழாம் எண் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றச் சொல்லி கெமிஸ்ட்ரி லெக்சரர் உமாதேவி மேடம் பட்டியல் கொடுத்தார், ஊற்றினேன்.

அந்த எண் வைஷாலி என்கிற பெண்ணுக்கு விழுந்தது. அவள் ஆல்டிஹைடு என்று எழுதினாள், பட்டியலில் அசிட்டோன், அதாவது கீட்டோன் என்றிருக்க, வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் விடையைத் தப்பென்று அடித்துவிட்டார். வெள்ளி படிந்ததைப் பார்த்தேன் என்று கன்னடத்தில் சொல்லி அழுதாள், யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் மேஜையிலிருந்து நான் கழுவ எடுத்த டெஸ்ட் டியூப் ஒன்றில் உள்பக்கமெல்லாம் வெள்ளி பளபளவென்று ஒட்டியிருந்தது. நீ பி.யு. படிக்கும்போது என்னை எதிரில் உட்காரவைத்து ஒப்பித்தாயே, இரண்டிலும் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும், ஆல்டிஹைடில் அந்தக் கார்பனோடு ஒரு ஹைட்ரஜனாவது ஒட்டியிருக்கும், அதனால் வெள்ளி படியும், கீட்டோனில் இரண்டு பக்கமும் கார்பன்தான், படியாது என்று. எனக்கு மறக்கவில்லை. அந்தப் பெண் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், நான்தான் பக்கத்திலிருந்த அசிட்டால்டிஹைடை ஊற்றியிருக்கிறேன்.

அந்த டியூபை மட்டும் கழுவாமல் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு நாளாக பீரோவில் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன். நேற்று மேடத்தின் அறை வாசல்வரை போய், ஃபேன் ஓடவில்லை என்று ஏதோ சொல்லித் திரும்பிவிட்டேன். அம்மாவோ, கம்முனு இருங்க, இன்னும் மூணு மாசந்தான், பென்சன்ல கைய வெச்சுருவாங்க என்கிறாள். அந்த பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் இன்று மதியம் மதிப்பெண் பட்டியல் பரீட்சை போர்டுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு யார் சொன்னாலும் அந்தப் பெண்ணுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாமி உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். உன் ஃபேக்டரி லேபில் லேபிள் இல்லாத எதையும் தொடாதே, முகர்ந்து பார்க்கவே பார்க்காதே. ஃபோன் செய்திருந்தால் நீயும் அம்மா மாதிரி பயந்து வேண்டாம் என்றிருப்பாய், நானும் அதுதான் சாக்கு என்று இருந்திருப்பேன். தபால் பெட்டி கல்லூரி கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. இதைப் போட்டுவிட்டுத் துண்டோடு மேடத்திடம் போகிறேன், உனக்கு எழுதிப் போட்ட பிறகு ஃபேனைப் பற்றிப் பேசிவிட்டு வர முடியாது.

உன் அப்பா,
சென்னிமலை